கறுப்பு தனி, சிவப்பு தனி

— என்ன, மத்தியானமே வந்துட்டீங்க? பழைய ராஜாக்கள் எல்லாம் தூங்கப் போயிட்டாங்களா?

— லீவு விட்டுட்டாங்க.

— திங்கட்கிழமையிலயா?

— மண்ணு... ஈரமா இருக்காம்.

— மழை பெஞ்சு மூணு மாசம் ஆச்சு. மண்ணுக்கு வேர்த்திருக்கும்.

— கிண்டல் பண்ணாத. தண்ணி குடு.

— இந்தாங்க. பாத்திரக் கடையை மகன்கிட்ட விட்டுட்டு, "சின்ன வயசு ஆசை, அகழாய்வுக்குப் போறேன்"னு கிளம்பின ஆளு. காய்ச்சலோடவே போய்த் தோண்டினீங்க. ஈரத்துக்கா திரும்பி வருவீங்க? சொல்லுங்க. எதை உடைச்சீங்க?

— அங்க எல்லாமே ஏற்கெனவே உடைஞ்சதுதான். நான்... அடுக்கி வெச்சேன்.

— எதை?

— பானைச் சில்லை எல்லாம். பை பையா மேசையில கிடந்துச்சு, பாக்கச் சகிக்கல. அகழாய்வை நடத்துற மேடம் சாப்பிடப் போன நேரத்துல எல்லாத்தையும் கொட்டி, துடைச்சு... கறுப்பு தனி, சிவப்பு தனி. பெருசு பின்னால, சின்னது முன்னால.

— விலை ஒட்டலையா? ஏங்க, எந்தக் குழி, எந்த மண் அடுக்குன்னு பைக்குப் பை எழுதி வெச்சிருப்பாங்களே. அது கலைஞ்சு போச்சுன்னா சில்லு வெறும் குப்பைதானே?

— அதேதான் மேடமும் சொன்னாங்க... ஆமா, இது உனக்கு எப்படித் தெரியும்?

— தூக்கத்துல பாடம் நடத்துறீங்களே. அப்புறம்?

— "ஐயா, நாளையிலிருந்து நீங்க ஓய்வெடுங்க"ன்னாங்க. நம்ம மகளை விடச் சின்னவங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

— திரும்பக் கடைக்குப் போய் உக்காருங்க.

— அங்க எனக்கு நாற்காலிகூட இல்ல, பையன் மாத்திட்டான். காலையில எந்திரிச்சா அந்தக் குழி ஞாபகம்தான் வருது. இனிமே அதுவும்...

— சரி சரி, கண்ணைத் துடைங்க. மேடம் போன் பண்ணினாங்க.

— எப்போ?

— நீங்க பஸ்ல வந்துக்கிட்டிருந்தப்போ. எந்தச் சில்லை எந்தப் பையிலிருந்து எடுத்தீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமான்னு கேட்டாங்க.

— இருக்காதா பின்ன? நம்ம கல்யாணத்துக்கு முந்தி வித்த அண்டாவுல எந்தப் பக்கம் நசுங்கல்னு இப்பவும் சொல்லுவேன். வரச் சொன்னாங்களா?

— சொன்னாங்க. சும்மா வருவாரான்னு கேட்டேன்.

— அடிப்பாவி, பேரம் பேசினியா? காரியத்தையே கெடுத்தியா?

— இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டும் அதுகூடவா வராது? படிஞ்சிருச்சு. சில்லைத் திரும்பப் பையில போடற வேலை உங்களுக்கு. குழிப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது.

— அப்ப என் குழி?

— நாளையிலிருந்து அதுல நான் இறங்குறேன், அதான் பேரம். நீங்க வாங்கி அடுக்கின புத்தகம் அத்தனையும், நீங்க கடையில இருந்த மத்தியானத்துல எல்லாம் நான் படிச்சது. எங்க, அந்தத் தொப்பியைக் கழட்டுங்க, என் தலைக்குச் சரியா இருக்கான்னு பாக்கணும்.