நீட்டாத கை

ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நம்மை நம்ப என்ன விலை ஆகும் என்று கேட்டால், ரொம்ப மலிவு என்பேன். சைக்கிள் பயணத்தில் முன்னால் போகிறவன் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, குழி இருக்கும் பக்கம் நீட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வான். முதலீடு அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிக்கொள்ளும் வேகத்திலேயே சொல்கிறேன், ஐயா.

பன்னிரண்டு பேர், பத்து நாள் பயணம். ஆறாம் நாள் முழுக்க மலை. மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், எப்போதும் என் பின்சக்கரத்துக்குச் சற்று இடப்புறமாகவே வருவார். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் நாலைந்து விநாடி அவருக்கு ஒன்றும் தெரியாது. அது தங்கைக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். "என் கண்ணு மச்சான் முதுகுலதான் இருக்கு" என்று சிரிப்பார். நல்ல மனிதர். அதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது.

அப்பாவின் துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். கைக்குட்டை கேட்டு வந்தவரை ஜன்னல் திரையோடு அனுப்பியிருக்கிறேன். மலை உச்சியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது மாப்பிள்ளை தன் முதுகுப் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்துக் காட்டினார்.

"கிளம்பும்போது மாமா குடுத்தாரு, மச்சான். இனிமே கடைய என்னையே பாத்துக்கச் சொல்லிட்டாரு. வீட்டுக்குப் போய் சொல்லலாம்னு இருந்தேன், மனசு கேக்கல."

"நல்லதுதானே, மாப்ளே."

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்பவும்போல வாங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு நாற்காலி போட்டுடறேன். கல்லாவுக்குப் பக்கத்துலயே."

முதல் விலையைக் கேட்டதும் முகம் மாறக்கூடாது. அது தொழில் பழக்கம். என் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தேன்.

அவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது குழுத் தலைவர் என்னிடம் வந்தார். "அண்ணே, சாமான் வண்டிக்காரர் போன் பண்ணாரு. நாலாவது வளைவு தாண்டினதும் மரக்கூட்டம். அங்க இடது ஓரமா குழாய்க்குத் தோண்டி மூடாம விட்டிருக்கானுங்க. ஆள் ஆழம். கடைசியா வர்றது நீங்க ரெண்டு பேருதான். பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டேன்.

இறக்கத்தில் நான் கை காட்டாத இடமே இல்லை. சரளைக்குக் காட்டினேன். விரிசலுக்குக் காட்டினேன். பெரிய சரக்கைத் தள்ளிவிட வேண்டுமென்றால் சின்னச் சின்ன அளவைகளில் தாராளமாக இருக்க வேண்டும். மூன்றாவது வளைவில் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "என்ன மச்சான், காஞ்ச இலைக்கெல்லாம் கை காட்றீங்க."

நாலாவது வளைவு. நிழல். என் இரண்டு கைகளும் பிரேக்கின் மேல் இருந்தன. செங்குத்தான இறக்கத்தில் இரண்டு கையும் பிரேக்கில் இருப்பதுதான் பாதுகாப்பு. யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. இறங்கிப் பள்ளத்துக்குள் போனேன். தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"நீங்க கை காட்டலையே, மச்சான். உங்களுக்கும் தெரியலையா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"தெரியல, மாப்ளே" என்றேன். அவர் அதையும் நம்பினார். அதற்குமேல் பேசவில்லை.

சாவி மண்ணில் விழுந்து தொலைந்துவிடக் கூடாதே என்று அவர் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது அதற்குப் பிறகு.

தங்கை அழவில்லை. "நீதானே அண்ணா முன்னாடி போன?" என்று மட்டும் கேட்டாள். நீங்களும் அதையே நாலு விதமாகக் கேட்கிறீர்கள். தலைவர் உங்களிடம் சொல்லிவிட்டார் என்பதும் புரிகிறது. சரி, தெரிந்தேதான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது என்ன கணக்கு? அன்று அந்த இறக்கத்தில் நான் அவருக்குக் கை காட்ட வேண்டிய இடம் முப்பத்தொன்பது. முப்பத்தெட்டுக்குக் காட்டியிருக்கிறேன். பாக்கி ஒன்றே ஒன்றுதான்.