பரண்ல ஏத்தின பேச்சு

உன் சார்ஜரை இங்கயே மறந்துட்டுப் போயிட்டே கண்ணா. நுனியில கறுப்பு டேப் சுத்தினது. பையைக் கொட்டித் தேடிக்கிட்டு இருக்காதே, ஃப்ரிட்ஜ் மேல எடுத்து வெச்சிருக்கேன்.

அப்புறம், நீ காலையில கேட்டிருந்ததைப் பாத்தேன். "சித்தி, அம்மா போன்ல நான் எழுதினது ஒரு வரிகூட இல்ல. யாரு அழிச்சது?" வீட்ல இருந்தது ரெண்டே பேர். அதுல ஒருத்தி போயி இன்னையோட பதினெட்டு நாள். மிச்சம் இருக்கறது யாருன்னு கண்டுபிடிக்க மோப்ப நாயா வரணும். நான்தான் அழிச்சேன். இதைச் சொல்ல எனக்கு என்ன பயம். டீயைப் போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீயும் எதையாவது குடிச்சுக்கிட்டே படி. எழுதறதும் எனக்குப் பேசற மாதிரிதான், நீளமாத்தான் போகும்.

உங்கம்மாவும் நானும் இந்த வீட்ல பதினோரு வருஷம் ஒண்ணா இருந்தோம். ரெண்டு பேருக்கும் வீட்டுக்காரர் போயாச்சு. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிள்ளை, அதுவும் ஆளுக்கொரு மூலையில. என் பொண்ணு வருஷத்துக்கு ஒரு தடவை பேரப்பசங்க போட்டோ அனுப்புவா. பல்லு விழுந்த போட்டோ, பல்லு முளைச்ச போட்டோ. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுங்க பல்லுதான். மத்தபடி எனக்குன்னு இருந்தது அக்கா ஒருத்தி. ஃபேனை மூணுல வைக்கறதா அஞ்சுல வைக்கறதான்னு நாங்க சண்டை போடாத நாளே கிடையாது. கீழ்வீட்டு நர்ஸ் மாடிக்கு வந்து, "புருஷன் பொண்டாட்டிகூட இவ்வளவு ஒத்துமையா சண்டை போட மாட்டாங்க"ன்னு சொல்லிட்டுப் போவா.

அக்காவுக்குக் காது போனது உனக்குத் தெரியும். மில்லுல முப்பது வருஷம், தறிச் சத்தம் தின்னுடுச்சு. அதே முப்பது வருஷம் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல. அவ காதைத் தொழில் தின்னுச்சு, என் காது எனக்குச் சோறு போட்டுச்சு. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், நடுவுல நான். யாரை யாரோட சேக்கறது, யாரைக் காத்திருக்க வைக்கறதுங்கறதெல்லாம் என் விரல் நுனியில இருந்துச்சு. பெரிய ஆபீசருக்குப் பேச இஷ்டமில்லன்னு வெச்சுக்கோ, "லைன் கிடைக்கலங்க"ன்னு பதமா சொல்லணும். அது பொய் கிடையாது. மரியாதை.

தெருமுனையில போன் கடை வெச்சிருக்கற பொண்ணுதான் எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா. என்கூட வேலை பாத்த கிழவிங்க குரூப்ல பொழுது விடியறதுக்குள்ள நாப்பது பூப்படம் வந்து விழும். இதை ஒழிக்க வழியில்லையான்னு கேட்டேன். "ஒழிக்க வேணாம் பாட்டி, ஆர்க்கைவ் பண்ணிடுங்க. பரண்ல ஏத்தற மாதிரி. அங்கயேதான் இருக்கும், கண்ணுல படாது. புதுசா வந்தாலும் சத்தம் போடாது"ன்னா. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு பாரு. யாரையும் புண்படுத்தாம ஒதுக்கி வைக்கலாம்.

அதைக் கத்துக்கிட்டு ஒரு வாரம்கூட ஆகல, உன் மெசேஜ் வந்துச்சு. நீ அப்போ கப்பல்ல, இன்ஜின் ரூம்ல. காது போனதுல இருந்து உங்க ரெண்டு பேருக்கும் போன்ல பேச்சு கிடையாது, எழுத்துதான். அக்கா குளிக்கப் போயிருந்தா, போன் மேசை மேல கெடந்துச்சு. அடுத்தவங்க பேச்சை ஒட்டுக் கேக்கறது எங்க தொழில்ல பெரிய பாவம். ஆனா இது கேக்கறது இல்லையே, படிக்கறதுதானே.

"அம்மா, கரையிலயே வேலை கிடைச்சிருச்சு. இந்தக் கப்பல் முடிஞ்சதும் ரெண்டு ரூம் வீடு எடுக்கறேன். ஒண்ணு உனக்கு. என்கூட வந்துடு. சித்திகிட்ட இப்போதைக்குச் சொல்லாதே, தாங்க மாட்டா."

என் மேல உனக்கு எவ்வளவு அக்கறை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சித்திகிட்ட சொல்ல வேணாம்னு நீயே எழுதியிருக்கே. ஆனா உங்கம்மா வாயில எது தங்கும்? மதியம் சாப்பாட்டுக்குள்ள என்கிட்ட கொட்டியிருப்பா. நீ ஆசைப்பட்டது நடக்கணும்னா அக்காவுக்கே தெரியாம இருக்கறதுதான் ஒரே வழி. அதனால உன்னைத் தூக்கிப் பரண்ல வெச்சேன். அழிக்கல. அப்போ அழிக்கல, அதைக் கவனிச்சுக்கோ.

நாலு நாள் கழிச்சு அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"எங்கடி அவன் பேரு? மேலயே இருக்குமே."

அவ காதுகிட்ட போயி கத்தினேன். "எழுதினாத்தான்க்கா மேல இருக்கும். எழுதலன்னா கீழ போயிடும்."

"எவ்வளவு கீழ?"

"அவன் எழுதற வரைக்கும் போகும். கப்பல்ல இருக்கறவன் என்ன பண்ணுவான், கடல்ல எவன் டவர் நட்டு வெச்சிருக்கான்?"

"போன மாசம் நட்டிருந்தாங்களே."

காதுதான் போச்சே தவிர வாய் தறி மாதிரி ஓடும் அவளுக்கு. அப்புறம், "சரி, நான் சொல்றேன், நீ அடி"ன்னா. அவளுக்கு விரல் நடுங்கும், எப்பவும் நான்தான் அடிச்சுக் குடுக்கறது. "சாப்பிட்டியா, தூங்கினியா, ஏன் எழுதல" அப்படின்னு சொன்னா. முதல் ரெண்டையும் ஒரு எழுத்து மாத்தாம அடிச்சேன். மூணாவதை விட்டுட்டேன். நீதான் தினமும் எழுதிக்கிட்டு இருந்தியே, ஏன் எழுதலன்னு கேட்டா குழம்பிப் போயிட மாட்டே? அந்த இடம் காலியா இருக்க வேணாம்னு, "எனக்குப் புது வீடு, லிஃப்ட் எல்லாம் ஒத்துவராது, இங்கயே சௌகரியமா இருக்கேன், அடுத்த வருஷம் பாக்கலாம்"னு போட்டேன். கீழ "அம்மா"ன்னு போட்டேன்.

"உன் இஷ்டம்மா"ன்னு எழுதினே. நீ வரலன்னா எனக்கு எதுக்கு ரெண்டு ரூம்னு கரை வேலையை விட்டுட்டு அடுத்த கப்பல் ஏறினே. அது நீயா எடுத்த முடிவு. அதுல நான் தலையிடல.

தினமும் ஒம்பதரைக்கு அக்கா குளிக்கப் போவா. அந்த இருபது நிமிஷம் நம்ம நேரம். உண்மையைச் சொல்றேன், நீ ரொம்ப நல்லா எழுதறேடா. இன்ஜின் ரூம்ல பனியன் அடுப்புல வெச்ச மாதிரி காயறது, உங்க சமையக்காரர் குறட்டைக்குக் கப்பலே ஹாரன் அடிச்சுதுன்னு கேப்டன் பயந்தது. என் பொண்ணு எனக்கு அப்படி ஒரு வரி எழுதினதில்ல. நான் வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பேன். அக்கா தலையைத் துவட்டிக்கிட்டே வந்து, "என்னடி தனியா சிரிக்கறே"ன்னு கேப்பா. "பூப்படம்"னு சொல்லுவேன். நீ முகத்தைக் காட்டும்மான்னு கேட்டப்போ, கேமரா கெட்டுப்போச்சுன்னு எழுத வேண்டியதாப் போச்சு. எனக்கே கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு.

ஒரே ஒரு தடவை ஆபத்து வந்துச்சு. கீழ்வீட்டு நர்ஸ் அக்காவுக்கு ஏதோ காட்டறேன்னு போனை வாங்கினா. "என்ன இது, மேல ஆர்க்கைவ்னு போட்டு ஒண்ணுன்னு காட்டுது"ன்னா. அவ விரல் அது மேல போயிடுச்சு. "அய்ய, அது கம்பெனிக்காரன் விளம்பரம்டி, தொட்டா போன் சூடாகி நின்னுடும்"னேன். அக்காவே பதறிப் போயி, "தொடாதே தொடாதே, என் பையன் எழுதற போன் அது"ன்னு புடுங்கிக்கிட்டா. பாத்தியா, உன்னை அவதான் காப்பாத்தி வெச்சா.

போகப் போக அவ கேக்கறதைக் குறைச்சுட்டா. காலையில ஒரு தடவை, "வந்துச்சா?" நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான். அழறது, புலம்பறது எதுவும் கிடையாது. ஃபேனை அஞ்சுல வெச்சாலும் சரி மூணுல வெச்சாலும் சரின்னுட்டா. வீடு ரொம்ப அமைதியாயிடுச்சு. ஒரு நாள் மட்டும், "நான் என்ன தப்புப் பண்ணினேன்னு அவனைக் கேளுடி"ன்னா. அதை எப்படி அனுப்பறது. "இங்க ஒரே மழை, வெளிய போனா குடை எடுத்துட்டுப் போ"ன்னு அடிச்சேன். இன்ஜின் ரூம்ல குடை எதுக்கும்மான்னு நீ அனுப்பினே. அன்னைக்கு நாம ரெண்டு பேரும் நல்லா சிரிச்சோம்.

அப்புறம் அவளுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில சேத்து எட்டாவது நாள் டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா"ன்னார். அன்னைக்கு மத்தியானமே நீயும் எழுதியிருந்தே. மூணு நாள் துறைமுகத்துல நிக்கறோம், கேப்டன் லீவு தர்றேங்கறார், ஏனோ மனசு சரியில்ல, வரட்டுமான்னு.

நான் போனைக் கையில வெச்சுக்கிட்டு கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சா. "அவனுக்கு அடி. வர முடியுமான்னு கேளு. எனக்குக் கோவம் இல்லன்னு எழுது."

நல்லா யோசிச்சுத்தான் பாத்தேன் கண்ணா. நீ வந்தா என்ன ஆகும்? ஏன்டா எழுதலன்னு அவ கேப்பா. தினமும் எழுதினேனேம்மான்னு நீ எழுதிக் காட்டுவே. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து என் பக்கம் திரும்புவீங்க. மூச்சு விடவே முடியாம கெடக்கறவளுக்கு அந்த அதிர்ச்சி தேவையா? அவ நிம்மதியா இருக்கட்டும்னுதான், "சாதாரண சளி, வீட்லதான் இருக்கேன், லீவை வீணாக்காதே, வராதே"ன்னு அடிச்சேன். கீழ "அம்மா".

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்க்கா." அனுப்பினது நிஜம்தானே.

ரெண்டு நாள் கதவுப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தா. யாராவது செருப்புச் சத்தத்தோட வந்தா அவளுக்குக் கேக்காதே, அதனால கண்ணை எடுக்கவே இல்ல. மூணாவது நாள் மத்தியானம் போயிட்டா. அதுக்கப்புறம் என் போன்ல இருந்து நானே உனக்குச் சொன்னேன். அதுல ஒரு நிமிஷம்கூடத் தாமதம் பண்ணல.

நீ விமானத்துல வந்துக்கிட்டு இருந்தப்போதான் அழிச்சேன். பரண்ல கையை விட்டு உன்னை வெளிய எடுத்து, டெலிட்னு அழுத்தினேன். போன் என்கிட்ட, நிச்சயமா அழிக்கணுமான்னு கேட்டுச்சு. இந்த வீட்ல யாரும் என்னை அவ்வளவு மரியாதையா ஒண்ணு கேட்டதில்ல. ஆமான்னேன். பத்து மாசப் பேச்சு கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுச்சு.

அதோட உன் போன்லயும் போயிடும்னு நெனச்சேன். நாங்க அப்படிப் பழகினவங்க. போர்டுல நடுவுல இருக்கற ஒயரை உருவினா ரெண்டு பக்கமும் செத்துடும். இது அப்படி இல்லையாமே. இந்தப் பக்கம் அழிச்சா அந்தப் பக்கம் அப்படியே உக்காந்திருக்குமாம். நேத்துதான் போன் கடைப் பொண்ணு சொன்னா. நடுவுல ஆளே இல்லாம எப்படித்தான் இவங்க லைன் குடுக்கறாங்களோ. அப்போ நான் அடிச்சதெல்லாம் உன்கிட்ட பத்திரமா இருக்கு. குடை, கேமரா, வராதே, எல்லாம்.

நீ வந்து ரெண்டு வாரம் இருந்துட்டு முந்தாநேத்துதான் கெளம்பினே, அம்மா ஞாபகமா அந்த போனை மட்டும் எடுத்துக்கிட்டு. போகும்போது என் கையைப் பிடிச்சு, "சித்தி, நீ கூட இருந்ததாலதான் அம்மா சந்தோஷமா இருந்தா, அதான் என்கூட வர மாட்டேன்னுட்டா"ன்னு சொன்னே. நான் மறுக்கல. மறுத்திருந்தா நீ வருத்தத்தோட போயிருப்பே.

ஆக, அழிச்சது நான். ஒளிச்சு வெச்சது நான். பத்து மாசம் உனக்கு அம்மாவா எழுதினது நான். அவ உன்னை வரச் சொன்னப்போ வராதேன்னு சொன்னதும் நான். கோவம் இல்லன்னு எழுதச் சொன்னா, அதை மட்டும் அடிக்காம விட்டிருந்தேன். இப்போ அடிச்சுட்டேன், உனக்கு வந்து சேந்துடுச்சு. உன்கிட்ட மறைக்க இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்ல, மனசு பஞ்சு மாதிரி இருக்கு.

அம்மா ரூமைக் கழுவித் தொடச்சு ஜன்னலுக்குப் புதுத் துணி மாட்டியிருக்கேன். இந்தக் கப்பலை முடிச்சுட்டு நேரா இங்க வந்துடு. வாடகை வீடு எதுக்கு, தனியா எதுக்குக் கஷ்டப்படணும். பத்து மாசம் ஒரு நாள் விடாம எழுதிக்கிட்டவங்க நாம, பழக வேண்டியதுகூட இல்ல. இனிமே நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல யாரும் கிடையாது.