இன்ஜினுக்கு அடித்த சிவப்பு

காலை ஏழு நாற்பது. அந்தமானின் சாத்தம் துறையில் மதராஸ் கப்பலுக்காகக் காத்திருந்த கூட்டத்தில், எனக்கு முன்னால் நின்றவர் செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே முழ நீளத்தில் ஒரு மர ரயில் இன்ஜின். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி பளபளக்கும் சிவப்பு.

"ரயிலுக்கு எவனாவது கீழ சிவப்பு அடிப்பானாடா?"

அதைக் கொண்டுவந்து கொடுத்த பெயிண்டருக்கும் கோபம் வந்தது.

"தண்ணிக்குள்ள இருக்குற பாகத்துக்கு சிவப்புதாண்ணே. பத்து வருஷமா லாஞ்சுக்கு அடிக்கிறேன், எனக்கு மாலூம் இல்லையா?"

"ரயில் எந்தத் தண்ணியிலடா போகுது?"

"அரே, நான் எங்க ரயிலப் பாத்தேன்? பொறந்ததே இங்கதான்."

"பின்னாடி 'போர்ட் பிளேர்'னு வேற எழுதி வச்சிருக்கே!"

"ஊர் பேர் எழுதாத லாஞ்ச எவன் கடல்ல விடுவான்?"

"என் மாமனார் இருபது வருஷம் ஓட்டுன இன்ஜின்டா இது. ஒவ்வொரு பாகமும் எப்படி இருக்கும்னு லெட்டர் போட்டுக் கேட்டு, ஆறு மாசமா செதுக்கினேன். இப்ப வந்து இறங்குவார். என் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

"சுரண்டிப் பாருங்க. ஆனா அது கப்பல் பெயிண்ட், போகவே போகாது."

கப்பல் வந்து நின்றது. வெள்ளை மீசைப் பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். இன்ஜினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார்.

"இங்க எப்ப ரயில் விட்டாங்க, மாப்பிள்ளை?"

மருமகன் பெயிண்டரை முறைத்தார். பெயிண்டர் பெரியவரின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.