மங்கம்மா வீட்டில் இருக்கிறார்

அவைக்குத் தலைமையேற்று, முப்பது ஆண்டு மீன்கூடை சுமந்தும் முதுகு வளையாமல் வீற்றிருக்கும் மீன் விற்கும் பெண்கள் சங்கத் தலைவி சிலுவையம்மாள் அவர்களே! எனக்கு எழுத்தோடு கோபத்தையும் கற்றுத்தந்த பேராசிரியர் சாரா அவர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்து முன்வரிசை பிடித்த தாய்மார்களே! துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்துக் களைத்து, நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருக்கும் ராயபுரத்துப் பெரியோர்களே! ஐஸ் பெட்டியின் மேல் குந்திக்கொண்டு, இந்தம்மா எப்போது முடிக்கும் என்று பார்க்கும் தம்பிமார்களே! எல்லோருக்கும் வணக்கம். எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, இந்த மேடைக்கு நேர் எதிரே, முந்தானைக்குள் கைகளை மறைத்து உட்கார்ந்திருக்கும் என் அம்மா மங்கம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம்.

நான் அம்மு. மகளிரியல் படித்தவள். படித்த துறையிலேயே இன்று கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான் இருக்கிறது, சிரித்துக்கொள்ளுங்கள். வருகிற திங்கட்கிழமை மாலைக்குள் பத்து மாணவிகள் சேரவில்லை என்றால் துறையை மூடிவிடுவோம் என்று கல்லூரி நிர்வாகம் சொல்லிவிட்டது. சேர்ந்தவர்கள் ஆறு பேர். மிச்சம் நான்கு பெண்களைக் கேட்டுத்தான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறேன்.

"அத்தப் பட்ச்சா இன்னா வேலை கெடைக்கும் டீச்சர்?"

கேட்டது யார், சைமன் அண்ணனா? சரியான கேள்வி அண்ணே. உட்காராதீர்கள், நின்றே கேளுங்கள். படித்தால் என்ன கிடைக்கும் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. படித்தும் பாடம் மண்டையில் ஏறாமல் போனால் என்ன நடக்கும் என்பது தெரியும். செய்தவள் நான். அதைச் சொல்கிறேன்.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் கழிமுகத்து ஆற்றில் எண்ணெய் வந்தது. கறுப்பாக வந்தது, கனமாக வந்தது, கரையெல்லாம் அப்பிக்கொண்டு வந்தது. யார் விட்டது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆற்றில் இறங்கி வேலை செய்தவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வாருங்கள் என்று சாரா மேடம் எங்களை அனுப்பினார். கையில் படிவம், கழுத்தில் அடையாள அட்டை, மனசுக்குள் ஒரு மகாராணி. எனக்குக் கிடைத்தது என் சொந்தக் குப்பம்.

எங்கள் குப்பத்தில் ஊர் நோட்டு என்று ஒன்று உண்டு. திருவிழாவுக்கு வரி கட்டுகிற ஆண்களின் பெயர் அதில் இருக்கும். கல்யாணம் ஆனதும் ஆணின் பெயர் ஏறும். பெண்ணுக்குப் பெயரில்லை. தேசப்பன் வூடு, தாமோதரன் வூடு, அவ்வளவுதான். வெயில் கொளுத்தியது. நான் வீடு வீடாகப் போகவில்லை தாய்மார்களே! பஞ்சாயத்துக்காரரிடம் நோட்டை வாங்கி, நிழலில் உட்கார்ந்து பார்த்து எழுதினேன். தேசப்பன், கடல் தொழில். அவர் என் அப்பா. படிவத்தில் பக்கத்திலேயே மனைவி பெயர் கேட்டிருந்தது. மங்கம்மா என்று எழுதினேன். அவர் செய்யும் தொழில் கேட்டிருந்தது. வீட்டில் இருக்கிறார் என்று எழுதினேன். மற்ற வீட்டுப் பெண்களுக்கும் அதையே எழுதினேன்.

யார் வீட்டில் இருந்தார்? பதினாலு வயதிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் வீட்டில் இருந்தாரா? இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி, விரல் நுனியில் இறாலைக் கண்டுபிடித்து, அந்த இறாலை விற்று எனக்குச் சோறும் சிலேட்டும் வாங்கித் தந்தவர் வீட்டில் இருந்தாரா? பெண்ணின் உழைப்பு ஏட்டில் ஏறுவதில்லை என்று முதல் நாள் காலையில் பரீட்சை எழுதினேன். மறுநாள் மத்தியானம் என் தாயின் உழைப்பை என் கையாலேயே அழித்தேன்.

இருங்கள், மணலிக்குப் போகும் டேங்கர் லாரி போகட்டும். அது போகும்வரை என் குரல் எடுபடாது.

அந்தப் பட்டியலை வைத்துத்தான் மருத்துவ முகாம் போட்டார்கள். ஆற்றில் இறங்கியவர்களுக்கு டோக்கன், தோல் டாக்டர், மருந்து. அம்மாவும் வரிசையில் நின்றார். இரண்டு கையிலும் கொப்புளம் உடைந்து ஒழுகியது. மேஜையில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வீட்ல இருக்கீங்கன்னு போட்டிருக்கும்மா. இது ஆத்துல இறங்குனவங்களுக்கு" என்றார்.

"யாரும்மா அப்டி எய்தினது? காட்டு, பாப்போம்."

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் கையெழுத்தைத் தெரியும். வருஷா வருஷம் உதவித்தொகைப் படிவத்தில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில்தான் அவர் கைநாட்டு வைப்பார். காகிதத்தின் அடியில் அதைப் பார்த்தார். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். அவரோடு சேர்த்து எங்கள் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார்கள். எல்லோரும் என் பட்டியலில் வீட்டில்தான் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டார். "ஏண்டி அம்மு, நான் வூட்லயா கீறேன்?"

சண்டை போடவில்லை, ஐயா. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பட்டியலைத் திருத்த அலைந்தேன். சாரா மேடம் என்னோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். திருத்தி முடிப்பதற்குள் முகாமைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணெய் போகவில்லை, வயிறும் கேட்கவில்லை, அதே புண்ணோடு அம்மா மறுபடி ஆற்றில் இறங்கினார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டும்போது நாலு மாதம் ஓடிவிட்டது. புண் காய்ந்தது. விரல் நுனியில் உணர்ச்சி திரும்பவே இல்லை. இறால் கையில் பட்டாலும் அவருக்குத் தெரியாது. வெந்நீர் பட்டாலும் தெரியாது. இப்போது அவர் ஆற்றுக்குப் போவதில்லை. வீட்டில் இருக்கிறார். நான் எழுதியது பலித்துவிட்டது.

"போதும் அம்மு, எறங்கி வா. எல்லார் முன்னாலயும் இன்னாத்துக்கு?"

இறங்கிவிடுகிறேன் அம்மா. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சைமன் அண்ணே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படிப்பு பெரிய உத்தியோகம் தரும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு இன்னொரு எண்ணெய் வரும். வராது என்று உங்களில் யாராவது சொல்ல முடியுமா? அன்றைக்கும் ஒரு பட்டியல் எழுதுவார்கள். எழுதுகிற கை யாருடையது? வெயிலுக்குப் பயந்து நோட்டைப் பார்த்து எழுதும் கையா? வாசலில் நின்று, "அம்மா, உன் பேர் என்ன, நீ என்ன வேலை செய்கிறாய்" என்று கேட்டு எழுதும் கையா? அந்தக் கையைப் பழக்குவதற்கு ஒரு வகுப்பறை இருந்தது. திங்கட்கிழமை அதைப் பூட்டப் போகிறார்கள்.

நான்கு பெண்கள் வேண்டும். யாரும் கை தூக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள் வீட்டுக் கஷ்டம் என் வீட்டிலும் இருக்கிறது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிவரை நான்கு வெற்றுப் படிவத்தோடு துறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். வருகிற பெண் ஒன்று மட்டும் செய்யட்டும். தாயின் தொழில் என்று கேட்டிருக்கும் இடத்தை, வீட்டில் கேட்டுவிட்டு வந்து நிரப்பட்டும்.

பேச இடம் தந்த தலைவிக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், நன்றி சொல்லி விடைபெறுகிறேன். என் தாய் கேட்ட கேள்விக்கு, என் தாயின் காதில் விழும்படி, இன்றாவது பதில் சொல்லிவிட்டு இறங்குகிறேன். எண்ணூர் ஆற்றில் முப்பத்தோராண்டு இறால் பிடித்த மங்கம்மாவின் மகள் அம்முவின் வணக்கம்.