ஒற்றைக் கோடு

திருவாரூர் பஸ்ஸில், முன்சீட்டு ஜன்னலோரம் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"வீட்டுல நான் எந்த ரூம்ல இருக்கேன்னு சிங்கப்பூர்லேருந்தே என் மகன் சொல்லிடுவான்."

"கேமரா வச்சிருக்கானா?"

"இல்லக்கா. வைஃபை பெட்டி கூடத்துல இருக்கு. வீட்டுல இருக்குற செல்லுக்கு எவ்வளவு சிக்னல் கிடைக்குதுன்னு அவனுக்கு அங்க ஒரு ஆப்புல காட்டும். முழுக் கோடும் இருந்தா கூடம். பாதின்னா அடுப்படி. ஒத்தக் கோடுன்னா, அவங்க அப்பா கடைசிவரைக்கும் படுத்திருந்த ரூம். அவர் சட்டை இன்னும் அங்கதான் தொங்குது. உடனே போன் பண்ணிடுவான், 'அங்க உக்காந்து அழாதம்மா, வெளிய வா'ன்னு."

"நல்ல புள்ள."

"போன மாசம் லீவுக்கு வந்தான். ஒருநாள் காலையில ஆளக் காணோம்னு தேடுறேன். சிங்கப்பூர்லேருந்து மருமக கூப்பிடுது. 'அத்தை, அவங்க செல்லு விடிஞ்சதுலேருந்து ஒத்தக் கோட்டுலயே நிக்குது. கொஞ்ச நேரம் விட்டுடுங்க.'"