மூணாவது பேரு

விழாது ஃபாதர், பயப்படாதீங்க. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்குது, அவ்வளவுதான். பதினோரு வருஷமா இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்ட நான்தான் பாத்துக்கறேன். இந்த இடுக்குல உங்க செருப்பு மட்டும்தான் தெரியுது. ஃபேன் ஓடுதில்ல? ம்.

கயிறா? மூணு இருக்கு. இரும்புக் கயிறு. ஒண்ணு அறுந்தா மத்த ரெண்டு தாங்கும். ரெண்டு அறுந்தாலும் மிச்சம் ஒண்ணு தாங்கும்.

நல்லவேளை கேட்டீங்க, எனக்கும் ஒண்ணு கேக்கணும். இல்ல, நான் உங்க கோயில் ஆளு இல்ல. சாமியெல்லாம் நமக்கு ஒத்து வராது. என் பொண்டாட்டிதான் வாராவாரம் வருவா. அவள வம்புக்கு இழுக்கறதுதான் எனக்குப் பொழுதுபோக்கே. மூணு பேரு, ஆனா ஒரே சாமி, எந்த வாத்தியார்டி உனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தாருன்னு. இந்தக் கயிறையே சொன்னேன் ஒரு தடவ. மூணு கயிறு, ஒரு லிஃப்ட்டு, அது மாதிரியான்னு. இல்லவே இல்ல, கயிறுன்னா பாரத்தப் பங்கு போட்டுக்கும், அங்க பங்கே கிடையாது, ஒருத்தர் வந்தா மூணு பேரும் வந்த மாதிரின்னுட்டா.

சரி, அப்பா தெரியுது, மகன் தெரியுது, அந்த மூணாவது ஆளு யாரு, வீட்டுக்கு வந்த விருந்தாளியான்னு கேப்பேன். கோவமே வராது அவளுக்கு. அப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல இருக்கற பாசம் இருக்கு பாரு, அங்க அதுவே ஒரு ஆளுன்னா. போடி, பாசம் எப்படி ஆளாவும்னு சிரிச்சேன். எட்டு வருஷமா இதே பாட்டுதான். மூணாவது ஆளு சௌக்கியமான்னுதான் காலைல எழுப்புவேன்.

சத்தமா? ஒண்ணுமில்ல, ஸ்பேனர் கீழ விழுந்துடுச்சு.

முந்தாநாள் காலைல குழந்தை பொறந்துச்சு ஃபாதர். பையன். ஏழாம் மாசமே. என் உள்ளங்கைல வெச்சா மிச்ச இடம் இருக்கும். இவ ஆபரேஷன் ரூம்லேருந்து சொல்லி அனுப்பறா, ஃபாதர் வர்ற வரைக்கும் தாங்காது, நீயே மூணு பேரையும் சொல்லி தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துடு, அவசரத்துக்கு யாரு வேணா குடுக்கலாம்னு. நர்ஸம்மா ஊசி இல்லாத சிரிஞ்சுல தண்ணி எடுத்துக் குடுத்தாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கைய விட்டேன். தந்தைன்னு ஒரு சொட்டு. மகன்னு ஒரு சொட்டு.

மூணாவது சொட்டும் விட்டேன். பேரு வரல.

சத்தியமா வரல ஃபாதர். எட்டு வருஷமா மூணாவது ஆளு, மூணாவது ஆளுன்னே சொல்லிச் சொல்லி, நெசப் பேரு வாயில நிக்கல. வாயத் தொறந்தா வெறும் மூச்சுதான் வருது. அப்பன் நான் நிக்கறேன், மகன் அவன் கெடக்கறான், நடுவுல என்னமோ வந்து நெஞ்ச அடைக்குது. அவ சொன்னது என்னன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பேரு மட்டும் வரல. அதுக்குள்ள நர்ஸம்மா, போதும், கைய எடுங்கன்னுட்டாங்க.

தூய ஆவி. இப்ப மட்டும் நல்லா வருது.

ரூமுக்குக் கொண்டாந்ததும் அவ கேட்ட முதல் கேள்வி, மூணு பேரும் வந்தாங்களான்னு. வந்தாங்கன்னு சொல்லிட்டேன். கேட்டதும் தூங்கிட்டா. அதான் உங்ககிட்ட கேக்கறேன். பேரச் சொல்லாட்டியும் வந்திருப்பாரா? ஒருத்தர் வந்தா மூணு பேரும் வந்த மாதிரின்னா, ரெண்டு பேரக் கூப்ட்டேனே நான்?

என்ன ஃபாதர்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.

அவளா? மேலதான் இருக்கா. ஆறாவது மாடி, பன்னெண்டாம் ரூம். ஆமா, நீங்க போற ரூம்தான். புள்ளையோட அடக்கம் பத்திப் பேச உங்கள வரச் சொன்னது அவதான். எப்படி ஞானஸ்நானம் குடுத்தீங்கன்னு அவள வெச்சுக்கிட்டே என்கிட்ட கேப்பீங்களே, அதுக்கு முன்னாடி உங்களப் புடிக்கணும்னு பாத்தேன்.

லிஃப்ட்டுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் நிறுத்தினேன். நாலாவது மாடிக்கு இறக்கிடறேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நானும் ஏறிக்கறேன். அவகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க பக்கத்துல இருங்க, போதும்.