பதினேழாவது மருந்து

காலையில் எழுந்ததும் பல் துலக்குவேன், முகம் மழிப்பேன், தேநீர் போடுவேன். ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனதும் புதுக் கையுறைகளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்ப்பேன். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று கசிவது கன்னத்தில் தெரியும். இந்த வேலைக்குக் கவனம் முக்கியம்.

வெள்ளரியில் வரும் சாம்பல் நோய்க்கு மருந்து தேடுவது என் வேலை. மருந்தைத் தயாரித்து, பசுமைக்குடிலில் இருக்கும் நாற்றுகளில் தெளித்து, வெள்ளைப் பூஞ்சை எவ்வளவு படர்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் பதினாறு மருந்துகள் தோற்றிருந்தன. பதினேழாவதும் தோற்றால் பிரிவை மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

இலைகளுக்கு மதிப்பெண் போடுபவள் என் மனைவி. பூஜ்யம் என்றால் சுத்தமான இலை, ஐந்து என்றால் செத்த இலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. கையுறை உரசினால் பூஞ்சைத் தூள் கலைந்துவிடும் என்பதால் வெறும் விரலால்தான் இலையைத் திருப்புவாள். எந்த நாற்றுத் தட்டில் பதினேழாவது மருந்து, எதில் வெறும் தண்ணீர் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும், மதிப்பெண் செல்லாது. பட்டியல் என்னிடம் மட்டும் இருந்தது.

"பீரோ சாவியே என்கிட்டதான் இருக்கு. இந்தத் துண்டுச் சீட்ட மட்டும் காட்ட மாட்டேங்குற. நான் என்ன, பூஞ்சைகிட்டப் போய்க் கோள் மூட்டவா போறேன்?" என்பாள்.

சோதனை மொத்தம் இருபத்தொரு நாள். நான்காம் நாள் விரல் அரிக்கிறது என்றாள்.

"சோப்ப மாத்திப் பாரு," என்றேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் நாள் எலிச் சோதனை அறிக்கை வந்தது. பதினேழாவது மருந்து தோல் வழியே உள்ளே போகிறது, கல்லீரலைக் கெடுக்கிறது. பன்னிரண்டு எலிகளில் ஒன்பது செத்திருந்தன. அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

யோசிக்காமல் செய்யவில்லை. அவளிடம் சொன்னால் பட்டியலையே சொன்னது போலாகிவிடும். பாதியில் ஆளை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவரை இயக்குநர் பொறுக்க மாட்டார். மீதி இருந்தது பன்னிரண்டு நாள். எலியின் எடை என்ன, அவள் எடை என்ன என்று கணக்குப் போட்டேன். கேட்டால் காட்டுகிறேன், கூட்டலில் பிழை இல்லை.

பதின்மூன்றாம் நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினாறாம் நாள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. என் குறிப்பேட்டில் இலைகளுக்குக் கீழே அவளுக்கும் ஒரு வரி ஒதுக்கினேன். அதே அளவுகோல்தான். அன்று இரண்டு போட்டேன். பத்தொன்பதாம் நாள் மூன்று.

"லீவு போடட்டுமா? நிக்கவே முடியல."

"இன்னும் ரெண்டே நாள்தானே."

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு போனாள். இருபத்தொன்றாம் நாள் கடைசித் தட்டையும் முடித்துவிட்டுத்தான் விழுந்தாள்.

மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்தாள். உடம்பில் என்ன பட்டது என்று மருத்துவர் மூன்று முறை கேட்டார். தெரியாது என்றேன். இழுப்பறைச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

மருந்து ஜெயித்தது. பதினேழு தெளித்த இலைகள் அத்தனையும் பூஜ்யம். நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சோதனையில் ஒரு குறையும் இல்லை, பட்டியல் கடைசிவரை அவளுக்குத் தெரியாது. அதையும் எழுதுங்கள்.

"கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?" என்று அவள் அம்மா கேட்டார்.

"உங்களப் பாத்துக்கச் சொன்னா அத்தை," என்றேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையுறை போட்டிருந்தேன், பழக்கம். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எந்தத் தட்டுன்னு எனக்கு நாலாம் நாளே தெரியும். கைதான் சொல்லுச்சே. நீ வாயத் திறப்பியான்னுதான் பாத்துட்டிருந்தேன்."